நூற்றுப்பத்துப் பாகை

2025 ஜனவரி 16, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவு பெய்த மழை விட்டு, கொழும்பில் வெளிறிய வெயில் அடித்துக்கொண்டிருந்தது. என்னைச் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்துச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அறைக் கதவிலிருந்து கூடத்துக் கதவுவரை கூரையில் இருபத்திரண்டு விளக்குகள். அவற்றில் மூன்று எரியவில்லை. இவ்வளவு பணம் வாங்கும் இடத்தில் மூன்று விளக்கு எரியவில்லையே என்றுதான் நினைத்தேன். பயம் அதற்குப் பிறகு வந்தது.

எனக்கு எழுபத்தொரு வயது. நில அளவையாளராக முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தில் வேலை செய்தவன். கல்முனையில் இன்றும் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் வீடு காட்ட ஆள் இருக்காது. சேவையர் என்று கேட்டால் காட்டுவார்கள். வலது முழங்கால் எட்டு வருடமாக நொந்தது. தைலம், ஊசி, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் மட்டக்களப்பில் ஒரு வைத்தியரிடம் போனேன். இலக்கம் நாற்பத்தேழு. மூன்று மணி இருபது நிமிடம் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தது ஆறு நிமிடம். எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "ரெண்டு எலும்புக்கும் இடையில ஒண்டுமில்ல சேர்" என்றார். தொடையெலும்பும் கணுக்கால்வரை போகும் எலும்பும் சந்திக்கும் இடத்தில், உராயாமல் இருக்க வழுவழுப்பான குருத்து ஒன்று இருக்கும். எனக்கு அது தேய்ந்து தீர்ந்துவிட்டது. எலும்பு எலும்பிலே தேய்கிறது. தேய்ந்த முனைகளைச் சீவி எடுத்துவிட்டு உலோகத்தில் மூடி போட்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகடு வைப்பதுதான் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை.

நோவுக்காக மட்டும் நான் இதற்கு உடன்படவில்லை. ஐந்து வேளைக் கடமையான தொழுகையில் ஒரு நாளைக்குப் பதினேழு ரக்அத், முப்பத்துநான்கு சுஜூது. பதினான்கு மாதமாக என் நெற்றி நிலத்தில் படவில்லை. எங்கள் தெருப் பள்ளியில் வரிசையின் வலப்பக்க ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் ஒன்பது போட்டிருக்கிறது. ஒரு காலத்தில் அதைப் பார்த்து, "இது பள்ளியா, கலியாண மண்டபமா?" என்று கேட்டவன் நான். பிறகு நானே ஒன்பதாவது கதிரையில் உட்கார்ந்தேன். எட்டாவது கதிரை என் மனைவியின் தம்பி இஸ்மாலெப்பையுடையது. அவன் சொன்னான்: "மச்சான், கதிரைச் சங்கத்துக்கு நீ புது மெம்பர். சந்தா ஒண்டும் இல்ல, வாய மட்டும் கொஞ்சம் குறைக்கோணும்."

ஆகவே சத்திரசிகிச்சை செய்யவிருந்த கொழும்பு வைத்தியரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: திரும்பவும் சுஜூது செய்யலாமா? அவர் நேர்மையான மனிதர். பெரும்பாலானவர்கள் பிறகும் கதிரையில்தான் தொழுகிறார்கள் என்றார். "ஆறு கிழமையில கால் நூத்திப்பத்துப் பாகை மடங்கினா, முழங்கால் ஊண்டுறதப் பத்திக் கதைக்கலாம். மடங்காட்டி அந்தக் கதையே வேணாம்" என்றார். வீட்டுக்கு அனுப்பும் தாளிலும் அப்படியே எழுதியிருந்தது: ஆறு கிழமை, 110 பாகை. எங்கிருந்து எதுவரை அளக்கும் நூற்றுப்பத்து என்று எழுதவில்லை. இதை இப்போதும் ஒரு குறையாகவே சொல்கிறேன்.

முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். ஆனால் காது மரக்கவில்லை. திரைக்கு அந்தப்பக்கம் வாள் அறுத்தது, பிறகு சுத்தியல். அறுபத்துமூன்று அடி எண்ணினேன். எல்லாம் என் காலில் விழுந்த அடி.

அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கே எழுப்பி வோக்கரில் நிற்கவைத்தார்கள். நான்கு கால் உள்ள அலுமினிய நடைசட்டம் அது. ஏழு அடி நடந்தேன். எட்டாவதில் கண் இருண்டது. இரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க வயிற்றுத் தோலில் தினம் ஓர் ஊசி. தையலுக்குப் பதிலாக இருபத்தொன்பது உலோகக் கிளிப்புகள். மாலைதோறும் கதவிடுக்கால் அன்றைய பில் உள்ளே வரும். மகள் றிஸ்வானா அதை என் கண்ணில் படாமல் கைப்பைக்குள் வைப்பாள். நான் தூங்குவதுபோல் கிடந்து, அவள் குளிக்கப் போனதும் எடுத்துப் பார்ப்பேன்.

ஐந்தாம் நாள் வேனில் ஊருக்கு வந்தோம். ஒன்பது மணி நேரம் காலை நீட்டியபடி. எங்கள் பகுதி வழக்கப்படி வீடு மகளுக்குச் சீதனமாக எழுதியாயிற்று. நானும் மனைவியும் பின்னறையில். எனக்காக முன் ஹோலில் கட்டில் போட்டார்கள். காற்று வரும், ஆட்கள் வந்து பார்க்கவும் வசதி என்றார்கள். ஆட்கள் வந்து பார்க்க வசதியாக இருந்ததுதான் முதல் கேடு.

ஊர் ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி தரும் பிசியோ மிஸ் இருந்தார். பக்கத்துப் பாண்டிருப்புப் பிள்ளை, நாற்பது வயதிருக்கும். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, பேச்சிலும் இல்லை. அவர் சொல்லித் தந்தவற்றை இந்தச் சத்திரசிகிச்சைக்குப் போகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். மல்லாந்து படுத்துப் பாதத்தை முன்னும் பின்னும் அசைப்பது. கெண்டைக்காலில் இரத்தம் தேங்காமல் இருக்க. குதிக்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, முழங்காலைக் கட்டிலோடு அழுத்திப் பத்து எண்ணுவது. கால் முழுதாக நீள. உடுக்கும் சாரம் ஒன்றைப் பாதத்தில் மாட்டி இரு கையாலும் இழுத்து, குதிக்காலைப் பிட்டம் நோக்கி இழுப்பது, கால் மடங்க. கதிரையில் உட்கார்ந்து, நல்ல காலால் நோவுக் காலைப் பின்னால் தள்ளுவது, அதுவும் மடங்க. ஒவ்வொன்றும் இருபது தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பிறகு இருபது நிமிடம் ஐஸ். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக் கால் முதலில்.

"நோவும் சேர்" என்றார் மிஸ். "நோகாம மடக்கினா அது மடக்கினதில்ல. ஒண்டு மட்டும் செஞ்சிராதீங்க. முழங்காலுக்குக் கீழ தலவாணி வைக்காதீங்க. சுகமா இரிக்கும். ஆனா கால் அப்பிடியே வளஞ்சு நிண்டிரும்."

இரண்டு தரம் போனேன். மிஸ் அளந்ததைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார், என்ன எண் என்று நான் கேட்கவில்லை. முச்சக்கரவண்டியில் ஏறி இறங்குவது உயிர்போகிற வேலை, மழை வேறு. மூன்றாம் தரம் நானே சொன்னேன்: "மிஸ், அளக்கிறதுக்காக நான் இவ்வளவு தூரம் வரத் தேவையில்ல. கோணம் அளந்துதான் நான் சோறு திண்டன். வீட்ட அளந்து போன்ல சொல்றன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சேர் சேவையர்தானே. சரி. நூத்திப்பத்து வந்த உடன சொல்லுங்க" என்றார்.

என்னிடம் வரைபடம் வரைந்த காலத்துப் பித்தளைப் பாகைமானி ஒன்று உண்டு. மனைவியிடம் பென்சில் கொடுத்து இடுப்பெலும்பில் ஒரு புள்ளி, முழங்காலின் பக்கத்தில் ஒன்று, கணுக்காலில் ஒன்று போடச் சொன்னேன். இரண்டு அடிமட்டத்தைப் புள்ளிகளோடு பொருத்தி, நடுவில் பாகைமானி. கால் நேராக இருந்தால் நூற்றெண்பது. மடங்க மடங்கக் குறையும். எந்தச் சேவையரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். வீட்டுக்கு வந்த முதல் நாள் நூற்றுமுப்பத்தெட்டு. நோவைப் பல்லைக் கடித்துப் பொறுத்துச் சாரத்தை இழுத்தேன். நூற்றுமுப்பது, நூற்றிருபத்துநான்கு, நூற்றுப்பதினாறு. ஒரு கொப்பியில் திகதியும் நேரமும் போட்டு எழுதினேன். பதினேழாம் நாள், பெப்ரவரி 2, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, நூற்றுப்பத்து.

அப்போதே மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

"மிஸ், நூத்திப்பத்து வந்திட்டு."

"என்ன சேர்? பதினேழு நாளிலயா?"

"ஓம்."

"சரியா அளந்தீங்களா சேர்? பிழை ஏதும்..."

"மிஸ், நான் முப்பத்தொரு வருசம் அளந்தவன். என்ட அளவு கோர்ட்டு வழக்கிலயும் பிழைச்சதில்ல."

பேனா தாளில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மிச்சம் நல்லம் சேர். அப்ப கஷ்டப்பட்டு இழுக்கத் தேவையில்ல. அதக் குறையாம வச்சிரிங்க. ஆறாம் கிழமை கிளினிக்குக்கு வாங்க" என்றார்.

அன்றைக்கு நான் இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதேன், கதிரையில் இருந்து. இன்னும் கொஞ்ச நாள்தான் இந்தக் கதிரை என்று நினைத்துக்கொண்டேன்.

இலக்கை அடைந்தவன் என்ன செய்வான்? ஓய்வெடுப்பான். நாளுக்கு அறுபது இழுவை முப்பதாயிற்று, பிறகு பத்து. காலையில் சாரத்தை எடுத்தால் வாசலில் ஆள் நிற்கும். நோய் விசாரிக்க வருகிறவர்களை இருங்கள் என்று சொல்லிவிட்டுக் காலை இழுக்க முடியுமா? ஆறு கிழமையில் இருநூற்றுப்பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கதை. ஒருவர், "எங்கட சாச்சாக்கும் இதான் செஞ்ச. மூணு மாசத்தில மௌத்து" என்றார். "காலாலயா?" என்று கேட்டேன். "இல்ல, நெஞ்சு. ஆனா காலும் செஞ்சிரிந்த."

வீட்டாரின் அன்பு அதைவிட மோசம். என் மனைவிக்கு வயது அறுபத்தாறு. ஐந்து பிள்ளை பெற்றவள், மகள்மாரின் பிள்ளைப்பேறுகளையும் பார்த்தவள். உடம்பில் கத்தி பட்டால் நாற்பது நாள் அசையக் கூடாது என்பது அவள் கணக்கு. பால்சுறா வறை, மிளகு ரசம், உள்ளிக் குழம்பு. வோக்கரைத் தொட்டால், "இஞ்சருங்க, எங்க போறீங்க? என்ன வேணுமெண்டு சொல்லுங்க, கொண்டாறன்" என்பாள். இஸ்மாலெப்பை வந்து பார்த்துவிட்டு, "ராத்தா, எல்லாஞ் சரி. புள்ளைக்குப் பேர் வச்சாச்சா?" என்று கேட்டான்.

தூக்கத்தில் முனகுகிறேன் என்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்ததும் அவள்தான். முதல் இரண்டு கிழமை நான் எடுத்து எறிந்தேன். நூற்றுப்பத்து வந்த பிறகு எறியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எறிய மனம் வரவில்லை. அவ்வளவு சுகம்.

ஒரு சங்கதியை எல்லாரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். கதிரையில் உட்கார்ந்தால் இடது பாதம் கதிரைக்குக் கீழே போகும். வலது பாதம் முன்னால் நீண்டு நிற்கும். இஸ்மாலெப்பை இரண்டு தரம் அதில் இடறினான்.

"என்ன மச்சான் இது? ரோட்டு வரி அறவிடுறவன் கம்பு போட்டு வச்ச மாதிரிக் கிடக்கு?"

"வீக்கம்" என்றேன். "கோணம் நூத்திப்பத்து. கொப்பிய எடுத்துப் பாரு."

"கொப்பிய ஏன் பாக்கோணும்? காலப் பாக்கிறனே" என்றான்.

பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு விட்டவன் என்று நான் அவனை மனதுக்குள் சிரித்தேன்.

பெப்ரவரி 27, வியாழக்கிழமை, கிளினிக். இரண்டு மூன்று நாளில் ரமழான் தலைநோன்பு. மிஸ் என்னைப் பலகைக் கட்டிலில் படுக்கவைத்து, காலை மடக்கச் சொன்னார். மடக்கினேன். இன்னும், இன்னும் என்றார். இனி இல்லை. இரண்டு கை உள்ள பிளாஸ்டிக் கோணமானியை முழங்காலின் பக்கத்தில் வைத்தார். குனிந்து பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பக்கத்தில் சக்கரமில்லாத சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"சேர், இது அறுபத்தெட்டு."

"இல்ல மிஸ். நூத்திப்பன்னிரண்டு இரிக்கும். மடக்கம் ரெண்டு பாகை குறைஞ்சிரிக்கு, அவ்வளவுதான்."

"சேர் எங்கயிருந்து அளந்தீங்க?"

"எங்கயிருந்தெண்டா? நேர்கோடு நூத்தியெண்பது. அதிலயிருந்துதான்."

மிஸ்ஸின் முகத்தில் நிறம் மாறியது. மெதுவாகச் சொன்னார்: "சேர், நேர்கோடு எங்களுக்குப் பூச்சியம்."

கோணமானியை என் கையில் தந்தார். அதில் இரண்டு வரிசை எண்கள் இருந்தன, வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. என் பித்தளைப் பாகைமானியிலும் அப்படித்தான். எத்தனை பயிலுநர்களுக்கு எந்த வரிசையைப் படிப்பது என்று கையைப் பிடித்துக் காட்டியிருக்கிறேன். அவர்கள் கணக்கில் கால் நேராக இருந்தால் பூச்சியம், மடங்க மடங்கக் கூடும். என் கணக்கில் நேராக இருந்தால் நூற்றெண்பது, மடங்கக் குறையும். நூற்றெண்பதில் நூற்றுப்பத்துப் போனால் எழுபது. நான் கொண்டாடியது எழுபது பாகை. ஒழுங்காகக் கதிரையில் உட்காரவே தொண்ணூறு வேண்டும். போதாததற்குக் கால் முழுதாக நீளவும் இல்லை. தலையணை பதினான்கு பாகை வளைவைத் தந்திருந்தது.

"நான் உங்கள வரச் சொல்லி இரிக்கோணும்" என்றார் மிஸ். "போன்லயே எனக்குச் சந்தேகம் சேர். பதினேழு நாளில ஆருக்கும் வாறதில்ல. திருப்பிக் கேக்க நினைச்சன். நீங்க சொன்ன விதத்தில வாய் வரல்ல."

வீட்டுக்கு வந்து நான்கு நாள், விசாரிக்க வந்தவர்களிடம் ஆஸ்பத்திரித் தாளைத்தான் குறை சொன்னேன். தாளில் தொடங்கி மிஸ்வரை போனேன். நான்காம் நாள் இரவுச் சாப்பாட்டில் றிஸ்வானா கோப்பையை வைத்துவிட்டு, "வாப்பா, அந்த மிஸ்ஸ இனி ஒண்டும் சொல்லாதீங்க. நானும் அந்தப் போன் கதையக் கேட்டுக்கிட்டுத்தான் நிண்ட" என்றாள். அதோடு நிறுத்தினேன். மனைவி சோற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வீட்டில் இருந்த தலையணைகளில் ஒன்று மட்டும் அதன்பின் காணவில்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

கொழும்பு வைத்தியர் படம் பார்த்துவிட்டு விளக்கினார். அறுத்த இடம் ஆறும்போது உள்ளே தழும்பு வளரும். அசைத்துக்கொண்டே இருந்தால் அது இளகி நிற்கும். அசைக்காவிட்டால் கயிறுபோல் இறுகி மூட்டைக் கட்டிவிடும். எனக்குக் கட்டிவிட்டது. வெட்டாமல், முழு மயக்கத்தில் வைத்து, வைத்தியர் தன் கைப்பலத்தால் காலை மடக்கி அந்தக் கட்டுகளை அறுக்க வேண்டும். மார்ச் 13, காலை பத்து மணி. பத்தே நிமிடம் என்றார்கள். மயக்கத்தில் நூற்றுப்பதினெட்டு வந்ததாம். அது எனக்குத் தெரியாத கால். விழித்தபோது இருந்த கால் பூசணிக்காய்.

இந்தமுறை அளவு என் கையில் இல்லை. தினமும் காலை எட்டு மணிக்கு மிஸ்ஸிடம் போனேன். அவர் அளந்து சொல்வார், நான் எழுதுவேன். என் சாரத்தை அவரே பிடித்து இழுத்தார். நான் கத்தினேன். எழுபத்தொரு வயதில், ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால், "உம்மா" என்று கத்தினேன். "கத்துங்க சேர், ஆனா காலத் தளத்தாதீங்க" என்றார். நோவு மருந்துக்காகப் பத்தொன்பது நோன்பு விட்டுப்போயிற்று. எண்பத்தொன்பது. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றொன்பது என்ற எண்ணில் பதினொரு நாள் நின்றது. ஏப்ரல் முடிவில் நூற்றிரண்டு. மே 9, நூற்றுநான்கு. மே 27, நூற்றுநான்கு. படியில் ஏறுகிறேன். கடைக்குப் போகிறேன். பழைய நோவு இல்லை. இதற்காக எத்தனை பேர் அல்லாஹ்வைப் புகழ்வார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் புகழ்கிறேன். ஆனால் நான் கேட்டது இது இல்லை.

மே 29 அன்று வைத்தியர் போனில் சொன்னார்: "இனி இதுதான் சேர். முழங்கால் ஊண்ட வேணாம். உலோகம் அசைஞ்சா முழுக்கத் திருப்பிச் செய்யோணும்."

ஆறு கிழமைக்குள் நூற்றுப்பத்து வந்திருந்தால் சுஜூது முடிந்திருக்குமா என்று கேட்டேன்.

"சொல்லேலாது சேர். வந்திரிந்தா முயற்சி செஞ்சு பாத்திரிக்கலாம்."

முடியாது என்று சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை கடற்கரைத் திடலில். மணலில் பாய் விரித்து ஆயிரக்கணக்கானவர்கள். ஓரத்தில் கதிரைகள், நான் முப்பத்தேழு வரை எண்ணினேன், பிறகு இமாம் தக்பீர் கட்டிவிட்டார். சுஜூதில் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் கீழே போயிற்று. கதிரைக்காரர் நாங்கள் மட்டும் மேலே, தலையைக் குனிந்தபடி. கதிரையின் முன்கால் இரண்டும் மணலில் புதைந்து நான் சரிந்தேன். பக்கத்திலிருந்த இஸ்மாலெப்பை தொழுகைக்குள்ளேயே இடது கையை நீட்டி என் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டான். ஸலாம் கொடுக்கும்வரை விடவில்லை. முடிந்ததும், "தொழுகை முறிஞ்சிருக்கும்டா உனக்கு" என்றேன்.

"எனக்குத்தானே மச்சான்? நீ எண்ணாத" என்றான்.

சத்திரசிகிச்சை, வேன், வோக்கர், ஊசிமருந்து எல்லாம் சேர்த்து முதல்முறை பதினைந்து இலட்சத்து இருபத்தெண்ணாயிரத்து எண்ணூறு ரூபாய். ஒரு ஏக்கர் வயல் விற்ற காசு அதில் போயிற்று. இரண்டாம் முறை, மயக்கம் கொடுத்து மடக்கியதற்கும் திரும்பக் கொழும்பு போய் வந்ததற்கும் இரண்டு இலட்சத்து எழுபத்துநாலாயிரத்து அறுநூறு ரூபாய். நூற்றெண்பதில் நூற்றுப்பத்தைக் கழித்துப் பார்த்திருந்தால் இது செலவாகியிராது. மொத்தம் பதினெட்டு இலட்சத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்.